சுபஸ்ரீ விசாரித்த ஒன்பது பேர்

பதினேழாம் தேதி திங்கட்கிழமை காலையில் வந்த மின்னஞ்சலை சுபஸ்ரீ நான்கு முறை படித்தாள். நான்காவது முறையும் அதில் அதேதான் இருந்தது. இருபத்தெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை இயக்குநர் கூட்டம். அன்றைக்கு அவள் தனக்கென்று ஓர் எக்ஸிகியூட்டிவ் கோச்சைத் தேர்ந்தெடுத்துவிட்டதாகப் பெயரோடு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், ஆலையை நடத்த வெளியிலிருந்து ஒரு தலைமை நிர்வாகியைக் கொண்டுவரும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வரும்.

அனுப்பியவள் ஹரிணி. சென்னையில் உள்ள ஒரு முதலீட்டு நிறுவனத்தின் சார்பில் சுபஸ்ரீயின் நிறுவனத்தில் இயக்குநராக இருப்பவள். அவள் இதை முதலில் சொன்னபோது தொண்ணூறு நாள் இருந்தது. எழுபத்தொன்பது நாளை சுபஸ்ரீ வேறு வேலை இருப்பதாகச் சொல்லியே கடத்திவிட்டாள்.

ஆலை மீமிசலுக்கு வெளியே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருந்தது. நண்டுச் சதை எடுத்து ஏற்றுமதி செய்யும் ஆலை. அங்கே வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் சுபஸ்ரீயின் சிக்கல் புரியும். கரைக்கு வரும் நீலக்கால் நண்டை ஆவியில் வேகவைத்து, குளிரவைத்து, மேசைக்குக் கொண்டுவருவார்கள். நூற்றிருபது பெண்கள் உட்கார்ந்து ஓட்டைப் பிரித்துச் சதை எடுப்பார்கள். நண்டு தன் பின்னங்கால்களைத் துடுப்பாக அசைத்துத்தான் நீந்துகிறது. அந்தத் துடுப்புகளை இயக்கும் இரண்டு தசைகள்தான் அதன் உடம்பிலேயே பெரியவை. அவை உடையாமல் முழுசாக வந்தால் முதல் தரம். பிரித்த சதையைத் தட்டில் பரப்பி ஊதா விளக்குக்கு அடியில் வைப்பார்கள். அந்த வெளிச்சத்தில் சதை மங்கலாகத் தெரியும், அதில் ஒளிந்திருக்கும் ஓட்டுச் சில் மட்டும் மினுங்கும். மினுங்குவதைப் பொறுக்கிவிட்டு, டப்பாவில் அடைத்து, மூடி, வெந்நீர்த் தொட்டியில் இறக்குவார்கள். கடைசியாக, சரக்கை அனுப்பலாம் என்று ஒருவர் ரிலீஸ் ஷீட் என்கிற வெளியீட்டுத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் லாரி நகரும்.

பதினான்கு மாதத்துக்கு முன்பு ஒரு கண்டெய்னர் முழுவதும் திரும்பி வந்தது. சதையில் ஓட்டுச் சில் இருந்ததாம். அன்றிலிருந்து ஒவ்வொரு தட்டையும் சுபஸ்ரீயே ஊதா விளக்கில் பார்க்கிறாள். அவள் பார்க்காமல் ஒரு மூடியும் விழக்கூடாது. அவள் வேறு எங்காவது இருந்தால் தட்டுகள் ஐஸ் மேல் காத்திருக்கும், தட்டுகளுக்குப் பின்னால் நூற்றிருபது பெண்களும் காத்திருப்பார்கள். இரண்டு மேற்பார்வையாளர்கள் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். சரக்கு தாமதமாகிறது என்று வாங்குபவர்கள் ஹரிணிக்கே எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

"மேடம், நாலு தட்டு ஐஸ்ல நிக்குது. வாரீங்களா, இல்ல நானே பாத்து அனுப்பிரவா?" என்று வாசலில் வந்து நின்றாள் உற்பத்தி மேலாளர் பிரகதீஸ்வரி.

"வாரேன்."

"இதே வாரேனை அரை மணிக்கு முன்னாடியும் சொன்னீங்க."

"ஒரு மெயில் பிரகதி. கோச் வச்சுக்கணுமாம் எனக்கு."

"கோச்சா? எங்க ஊரு கபடி டீமுக்கு ஒருத்தரு வாராரே, விசில் ஊதிக்கிட்டு, அந்த மாதிரியாங்க?"

"விசிலெல்லாம் கிடையாது."

"விசில் இல்லாம ஒங்களை எப்படி நிறுத்துவாரு?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள் பிரகதீஸ்வரி.

அவள் கேட்டதில் பாதி சரி. கபடி கோச் களத்தில் இறங்கி ஆடுவதில்லை. ஆடுகிறவருக்குத் தன் கால் எங்கே பிசகுகிறது என்று தெரியாது, வெளியில் நிற்கிறவருக்குத் தெரியும். நிறுவனத்தை நடத்துகிறவர்களுக்கும் அப்படி ஒருவர் உண்டு. ஆலோசகர் என்றால் விடை சொல்வார். கோச் கேள்வி கேட்பார். மாதத்தில் இரண்டு மூன்று முறை உட்கார்ந்து, தலைவர் தன் வாயாலேயே தன் பிசகைச் சொல்லிப் பார்க்கும்படி செய்வார். அப்படிச் சொல்ல வேண்டுமானால் எதிரில் இருப்பவரிடம் ஒளிக்கக் கூடாது.

சுபஸ்ரீக்கு ஒளிக்க ஒன்று இருந்தது. நான்கு மாதமாக, வெளியீட்டுத் தாளில் கையெழுத்துப் போடப் போகும்போது அவளுடைய வலது கை நடுங்கியது. சாப்பிடும்போது நடுங்காது, கார் ஓட்டும்போது நடுங்காது. திருச்சியில் ஒரு நரம்பு மருத்துவர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு நரம்பில் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டார். அந்தத் தாளைக் கண்டால் மட்டும் நடுங்கும். ஆள் இல்லாத நேரம் பார்த்து, இடது கையால் வலது மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போடுவாள். இது இயக்குநர் குழுவுக்குத் தெரிந்தால் அவளை நீக்க வேறு காரணமே வேண்டாம். கோச்சிடம் சொல்லியாக வேண்டிய ஒன்றும் குழுவுக்குப் போகக்கூடாத ஒன்றும் ஒரே விஷயமாக இருந்தது. எழுபத்தொன்பது நாள் வீணானது இதனால்தான்.

செவ்வாய்க்கிழமை சென்னையில் கோச்சாக இருக்கும் ஒருவரோடு வீடியோவில் பேசினாள். நாற்பது நிமிடச் சந்திப்பில் முப்பத்தொரு நிமிடம் அவரே பேசினார். நண்டு என்றதும் தனக்கு நண்டு வறுவல் பிடிக்கும் என்றார். அவரை விட்டுவிட்டாள்.

புதன்கிழமை திருச்சிக்குப் போய் அபிராமியைப் பார்த்தாள். தில்லைநகரில் ஒரு மாடி அறை. அபிராமிக்கு ஐம்பது வயதிருக்கும். ஒரு பெரிய மருத்துவமனையின் நிர்வாகத்தைப் பல வருடம் பார்த்தவள், பிறகு கோச் பயிற்சி பெற்றுத் தனியாக நடத்துகிறாள். தண்ணீர் பாட்டிலைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் கேட்டது இது: "எனக்குப் பணம் கொடுக்கப்போறது யாருங்க?"

"கம்பெனி."

"அதுக்குப் பதிலா கம்பெனி என்கிட்ட என்ன எதிர்பாக்குது?"

"மாசம் ஒரு ரிப்போர்ட்."

"எதைப் பத்தி?"

"நான் எப்படி இருக்கேன்னு."

"அதுக்கு நீங்க ஒத்துக்கிட்டீங்களா?"

சுபஸ்ரீ அதை யோசித்ததே இல்லை. பேச்சை மாற்றினாள். "நீங்க யார் யாருக்கு கோச்சா இருந்திருக்கீங்க? ரெண்டு பேர் நம்பர் குடுங்க, பேசிக்கிறேன்."

"குடுக்க மாட்டேங்க. என்கிட்ட வர்றாங்கங்கிறதே அவங்களோட விஷயம். என் பயிற்சிச் சான்றிதழ் பாருங்க, எனக்கு மேல இருந்து என் வேலையைக் கவனிக்கிற சீனியர் கோச் யாருன்னு சொல்றேன், அவங்ககிட்ட பேசுங்க."

"நீங்க எந்த ஊரு?"

"இதே ஊர்தான்."

"பூர்வீகம்?"

"அப்பா ரயில்வே. ஆறு ஊர் மாறினோம். தேடினாலும் கிடைக்காதுங்க" என்று அபிராமி சிரித்தாள்.

திரும்பும் வழியில் கீரனூர் வருவதற்குள் சுபஸ்ரீ அவளையும் விட்டுவிட்டாள். தெரிந்தவர் என்று யாருமே இல்லாத ஒருத்தியை எதை வைத்து நம்புவது?

சுபஸ்ரீயின் ஊர் திருமயத்துக்குப் பக்கத்தில் கோனாபட்டு. தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்கிற குடும்பம். அந்த ஊர்களில் பெண் கொடுப்பதானாலும், கூட்டு வியாபாரம் போடுவதானாலும், சமையலுக்கு ஆள் வைப்பதானாலும் முதல் வேலை விசாரிப்பதுதான். எந்த ஊர், எந்தக் கோயில், யாருடைய பேரன் என்று தெரிந்துவிட்டால் மீதி தானாகத் தெரிந்துவிடும். அது நன்றாக வேலை செய்கிற ஏற்பாடும்கூட. ஒருவன் பினாங்கில் ஏமாற்றினால் அந்த வாரமே ராயவரத்தில் தெரியும். அதனால் ஏமாற்ற யோசிப்பான்.

வியாழக்கிழமை கடியாபட்டியில் லக்ஷ்மணனைப் பார்த்தபோது அதனால்தான் அவளுக்கு மூச்சு சீரானது. அந்த ஊர்க்காரர், சிங்கப்பூரில் வங்கியொன்றில் பெரிய பதவியில் இருந்துவிட்டு வந்தவர். ஐம்பத்தெட்டு வயது. இரண்டு வருடமாக நிறுவனத் தலைவர்களுக்கு கோச்சாக இருக்கிறார். ஐந்தே நிமிடத்தில் அவளுடைய தாய்வழியில் அவர் என்ன முறை என்று இருவரும் கண்டுபிடித்துவிட்டார்கள். காபி வந்தது. நான்கு மாதமாகக் காதுக்குப் பக்கத்திலேயே தூக்கிக்கொண்டிருந்த தோள்கள் இறங்குவது அவளுக்கே தெரிந்தது. தோள் இறங்கினால் நாக்கும் இளகிவிடுகிறது.

"சைன் பண்றப்ப கொஞ்சம் செரமமா இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டாள்.

"அதெல்லாம் பாத்துக்கலாம் ஆத்தா. மெதுவா பேசுவோம்" என்றார் லக்ஷ்மணன்.

வாசலைத் தாண்டிக் கார் பத்து நிமிடம்கூடப் போயிருக்காது, பயம் பிடித்துக்கொண்டது. சொல்லியாகிவிட்டது. இந்த மனிதர் வாயைக் காப்பாரா? வயிரவன் அண்ணனுக்கு இவரைத் தெரியுமே! வயிரவன் அவளுடைய பெரியப்பா மகன், குழுவில் ஒரு இயக்குநர். வெளி ஆளைக் கொண்டுவரலாம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொண்டிருப்பவரும் அவர்தான். ஒருவர் வாயைக் காப்பாரா என்று தெரிந்துகொள்ள அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. வெள்ளியும் சனியுமாக ஒன்பது பேரைக் கூப்பிட்டு விசாரித்தாள். ஒன்பது பேரும் லக்ஷ்மணன் தங்கமானவர் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோனாபட்டில் ஓர் உறவினரின் அறுபதாம் கல்யாணம். பந்தியில் இலை போட்டதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் ராயவரத்து ஆவுடையாள் ஆச்சி. சுபஸ்ரீயைவிடப் பத்து வயது மூத்தவள், விசாரித்த ஒன்பது பேரில் ஒருத்தி.

"என்ன சுபா, எளைச்சுப்போயிட்ட? தூக்கமே இல்லையாமே ஒனக்கு?"

"யாராச்சி சொன்னா?"

"யாரோ சொன்னாக. இந்தப் பச்சடியைச் சாப்பிடு. பித்தத்துக்கு நல்லது."

எதிர்ப் பந்தியிலிருந்து ஒரு பெண் தலையை நீட்டினாள். "அத்தை, நீங்க கம்பெனியை விக்கப்போறீங்களா? சிங்கப்பூர் ஆளுக்காமே?"

"இல்லையே!"

"இல்லையா? சரி சரி" என்றாள் அந்தப் பெண், ஆமாம் என்று பதில் வந்ததைப்போல.

கை கழுவுகிற இடத்தில் வயிரவன் நின்றார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே, குரலை இறக்கி, நிஜமான அக்கறையோடுதான் கேட்டார். "கை நடுங்குதாமே ஆத்தா? டாக்டர்கிட்ட காட்டுனியா?"

சுபஸ்ரீ குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே."

"ஒண்ணுமில்லேன்னா சரி. ஒடம்புதான் முக்கியம். வெள்ளிக்கெழமை பேசுவோம்."

மறுநாள் காலை எட்டு மணிக்கே கடியாபட்டியில் இருந்தாள். லக்ஷ்மணன் நாளிதழை மடித்து வைப்பதற்குள் கேட்டுவிட்டாள். "வயிரவண்ணேகிட்ட என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொன்னேன்?"

"என் கையைப் பத்தி. ஒங்களைத் தவிர யாருக்கும் தெரியாது."

"கையா?" லக்ஷ்மணனின் முகம் சிவந்தது. "நீ என்கிட்ட கையைப் பத்தி எங்க சொன்ன? சைன் பண்ண செரமம்னு சொன்ன. கண்ணு தெரியலையோன்னு நான் நெனச்சேன். நடுங்குதுங்கிறதே இப்பத்தான் ஒன் வாயால கேக்குறேன்."

சுபஸ்ரீ எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இன்னொண்ணும் கேட்டுக்க. நீ யார் யாரைக் கூப்பிட்டு என்னைப் பத்திக் கேட்டியோ, அதுல ஆறு பேரு என்னையக் கூப்பிட்டாக. என்னை விசாரிக்கிறதுக்கு இல்ல. 'சுபஸ்ரீக்கு என்னாச்சு'ன்னு கேக்குறதுக்கு. வயிரவனும் கூப்பிட்டான். நான் ஒண்ணும் சொல்லல. ஒண்ணும் சொல்லாததையே அவன் எப்படி எடுத்துக்கிட்டானோ!" நாளிதழை எடுத்து மறுபடி விரித்துக்கொண்டார். "எனக்கு இந்த வேலை வேண்டாம் ஆத்தா. சந்தேகப்பட்டுக்கிட்டு வந்து எதிர்ல உக்காந்தா என்னத்தைப் பேசுறது? காபி சாப்பிட்டுப் போ."

காபி குடிக்காமல் வந்துவிட்டாள். ஆலைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தாளில் ஒன்பது பெயர்களையும் வரிசையாக எழுதினாள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவர்களிடம் தான் என்ன சொன்னாள் என்று ஞாபகப்படுத்தி எழுதினாள்.

விசாரிப்பது எப்படி நடக்கிறது என்று அவள் அதுவரை ஒரு பக்கத்திலிருந்துதான் பார்த்திருந்தாள். மாப்பிள்ளையைப் பற்றி நாலு பேரிடம் கேட்டால் மாப்பிள்ளையின் குணம் தெரிகிறது. கூடவே அந்த நாலு பேருக்கும் இந்த வீட்டில் பெண் தயாராக இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. கல்யாணத்தில் அது நல்லதுதான். அதற்காகத்தான் கேட்பதே. ஆனால் எதைப் பற்றி விசாரித்தாலும் அப்படித்தான். கேட்கிறவர் எதற்காகக் கேட்கிறார் என்பதை, கேட்கப்படுகிறவர் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டார். சும்மா கேட்டேன் என்றால் நம்பமாட்டார்கள். ஏதாவது கொடுத்தால்தான் ஏதாவது கிடைக்கும்.

சுபஸ்ரீ கொடுத்திருந்தாள். முதல் ஆளிடம், கம்பெனி விஷயமாக ஒரு யோசனை கேட்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். அது கம்பெனியை விற்பதாக மாறியிருந்தது. ஆவுடையாள் ஆச்சியிடம், மனசு விட்டுப் பேச ஆள் வேண்டும், தூக்கம் சரியில்லை என்றிருந்தாள். ஏழாவது பெயர் ஒரு டாக்டரின் மனைவி. அவளிடம் கேட்டதை எழுதும்போது சுபஸ்ரீயின் பேனா பாதியில் நின்றது. 'தெரிஞ்ச ஒருத்தருக்குக் கை நடுங்குது, அதுக்கு டாக்டரைப் பாக்கணுமா, இல்ல லக்ஷ்மணண்ணே மாதிரி ஆளு போதுமா?' என்று கேட்டிருந்தாள். தெரிந்த ஒருத்தர்! அந்த ஊர்களில் தெரிந்த ஒருத்தர் என்றால் யாரென்று குழந்தைக்கும் தெரியும். ஒன்பது பேரும் சனிக்கிழமைக்குள் ஒருவரோடு ஒருவர் பேசியிருப்பார்கள். ஒருவரும் ரகசியத்தை உடைக்கவில்லை. யாரும் அவர்களிடம் அதை ரகசியம் என்று சொல்லவே இல்லை.

லக்ஷ்மணன் வேண்டாமென்று சொல்லியிருக்காவிட்டாலும் அவர் சரிப்பட மாட்டார் என்று இப்போது அவளுக்குப் புரிந்தது. அவர் நல்லவர்தான். ஆனால் வட்டத்துக்குள் இருப்பவர். அவர் பேசினாலும் செய்தி, பேசாவிட்டாலும் செய்தி.

நான்கு நாள் இருந்தது. புதன்கிழமை தில்லைநகர் மாடி அறையில் தனக்கு எரிச்சல் மூட்டிய ஒவ்வொன்றையும் திரும்ப நினைத்துப் பார்த்தாள். நம்பர் கொடுக்க மாட்டேன் என்றாள் அபிராமி. யார் வருகிறார்கள் என்று சொல்ல மாட்டேன் என்றாள். சுபஸ்ரீயைப் பற்றி நாளைக்கு யாராவது கேட்டாலும் அதையேதான் சொல்வாள். இப்படிப்பட்ட ஒருத்தியை, இப்படிப்பட்டவள் என்பதற்காகவே ஒதுக்கியிருந்தாள். ஒதுக்கியதை ஒற்றை வரிக் குறுஞ்செய்தியில் சொல்லியும் இருந்தாள்.

மூன்று முறை எண்ணை அழுத்திவிட்டு வைத்தாள். நான்காவது முறை மணி அடித்தது.

"சொல்லுங்க சுபஸ்ரீ."

"மேடம், வேண்டாம்னு மெசேஜ் போட்டிருந்தேன்."

"பாத்தேன்."

"இப்ப வேணும்."

"வெள்ளிக்கிழமை மீட்டிங் இருக்கேன்னா?"

"அதுக்காகவும்தான்" என்றாள் சுபஸ்ரீ. பிறகு, இனி யாருக்குத் தெரிந்தால் என்ன என்ற நிலையில், ஒன்பது பேர் கதையை முழுக்கச் சொன்னாள். கையையும் சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து ஐயோ என்றோ, சரியாகிவிடும் என்றோ வராதது அவளுக்கு வினோதமாக இருந்தது.

"நான் வர்றேன்" என்றாள் அபிராமி கடைசியில். "ரெண்டு விஷயம் எழுத்துல வேணும். உங்க போர்டுக்கு என்கிட்ட இருந்து போறது நாம சந்திச்ச தேதி மட்டும்தான். வேற ஒரு வரியும் போகாது. போர்டு என்ன மாற்றம் எதிர்பாக்குதோ அதை நீங்க, நான், அவங்க மூணு பேரும் உக்காந்து முதல்லயே எழுதிக்கணும். அதை அவங்க ஆலையைப் பாத்துத் தெரிஞ்சுக்கட்டும், என்கிட்ட கேக்க வேண்டாம். அவங்க ஒத்துக்கலேன்னா நான் இல்ல. உங்களுக்காக இல்லங்க. அப்படி இல்லேன்னா இந்த வேலை வேலையே செய்யாது."

அன்றைக்கே ஹரிணிக்கு எழுதினாள். செவ்வாய் பதில் இல்லை. புதன் பதில் இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு வரி வந்தது: 'ரிப்போர்ட் இல்லாமல் எங்கள் ஆட்கள் ஒத்துக்கொள்வது கஷ்டம். நாளைக்குப் பேசுவோம்.'

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஆலையின் மாடி அறையில் ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். சுபஸ்ரீ, வயிரவன், ஹரிணி, ஹரிணியோடு வந்த அவளுடைய சக அலுவலர், பிறகு தணிக்கையாளராக இருந்து ஓய்வு பெற்ற நல்லதம்பி. தீர்மானத்தில் மூன்று பேர் ஒரு பக்கம் சாய்ந்தால் முடிந்தது.

"சுபஸ்ரீ மேம், எங்க பக்கத்துல இருந்தும் பாருங்க" என்று ஹரிணி தொடங்கினாள். "பணம் நாம குடுக்குறோம். உள்ள என்ன நடக்குதுன்னு நமக்குத் தெரியவே கூடாதுன்னா அது எப்படி?"

"உள்ள என்ன நடக்குதுன்னு எனக்குக் கொஞ்சம் தெரியும்" என்றார் வயிரவன். "சொல்ல மனசு வரல. என் தங்கச்சி அவ. ஆனா கம்பெனின்னு வந்தப்புறம்..."

"நானே சொல்றேண்ணே" என்றாள் சுபஸ்ரீ.

இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தாள். "நாலு மாசமா ரிலீஸ் ஷீட்ல கையெழுத்துப் போடுறப்ப என் வலது கை நடுங்குது. டாக்டர் பாத்தாச்சு. நரம்புல ஒண்ணும் இல்ல. பயம். கண்டெய்னர் திரும்பி வந்ததுல இருந்து, நான் பாக்காத தட்டுல ஓட்டுச் சில் இருக்கும்னு பயம். பாத்த தட்டுலயும் இருக்கும்னு பயம்."

வயிரவன் தன் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொல்ல வைத்திருந்ததை அவளே முதலில் எடுத்து வைத்துவிட்டாள்.

"இதை வயிரவண்ணே ரெண்டே நாள்ல கேள்விப்பட்டிருக்காக. கோச் யாரும் சொல்லல. நல்ல ஆளான்னு நான் நாலு பக்கமும் விசாரிச்சேன், விசாரிச்சதுல நானே சொல்லிட்டேன். ரிப்போர்ட் போகும்னு தெரிஞ்சா நான் என்ன பேசுவேன் ஹரிணி? இந்த மூணு மாசம் ஒங்ககிட்ட என்ன பேசுனேனோ அதைத்தான் அவங்ககிட்டயும் பேசுவேன். எல்லாம் நல்லா இருக்குன்னு."

ஹரிணி பேனாவை மூடினாள். "அப்ப நாங்க எதை வச்சுத் தெரிஞ்சுக்குறது?"

"கீழ போய்ப் பாருங்க. திங்கட்கெழமையில இருந்து தட்டு பாக்குறது, ஷீட்ல கையெழுத்து, ரெண்டும் பிரகதீஸ்வரி. தட்டு எத்தனை நிமிஷம் ஐஸ்ல நின்னுச்சுன்னு தெனம் எழுதி வைக்கச் சொல்லியிருக்கேன். ஆறு மாசம். அந்த நேரம் கொறையலேன்னாலோ, ஒரு சரக்கு திரும்பி வந்தாலோ, தீர்மானத்தை நானே கொண்டுவாரேன்."

இதைச் சொல்லும்போதே, பிரகதீஸ்வரி பார்க்கப்போகும் முதல் தட்டை நினைத்துக்கொண்டாள்.

வாக்கெடுப்பு வந்தது. வெளியிலிருந்து ஆள் வேண்டும் என்று வயிரவன் கை தூக்கினார். ஹரிணியின் சக அலுவலரும் தூக்கினார். நல்லதம்பி தூக்கவில்லை. ஹரிணி ஜன்னல் பக்கம் பார்த்தாள். கீழே லாரி ஒன்று பின்வாங்கி நின்றுகொண்டிருந்தது.

"ஆறு மாசம்" என்றாள் ஹரிணி, கையைத் தூக்காமலே. "தேதி மட்டும் போதும். எழுதிக்கோங்க."

நல்லதம்பி எழுதத் தொடங்கினார். "கோச் பேரு?"

"அபிராமி. திருச்சி."

வயிரவன் தோற்றதை ஏற்றுக்கொண்டு, தம்ளரைக் காலி செய்து, நாற்காலியைப் பின்னால் தள்ளினார். பிறகு வழக்கமான குரலில் கேட்டார். "அபிராமின்னா? யாரு வீட்டுப் பொண்ணு?"

"தெரியலண்ணே."

"எந்த ஊரு?"

"திருச்சின்னு சொன்னாங்க."

"பூர்வீகம்?"

"விசாரிக்கலண்ணே."

வயிரவன் எழுந்தவர் அப்படியே நின்றார். கை நடுங்குகிறது என்று கேட்டபோதுகூட அவர் முகத்தில் இல்லாத திகைப்பு இப்போது வந்தது.

"விசாரிக்காமலா?" என்றார். "யாருன்னே தெரியாத ஒருத்திகிட்ட போயி எல்லாத்தையும் சொல்லப்போறியா?"

"ஆமாண்ணே" என்றாள் சுபஸ்ரீ. முதல் சந்திப்பு புதன்கிழமை பத்து மணிக்கு. அதற்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. அந்த ஐந்து நாளும் அபிராமியைப் பற்றி யாரிடமாவது ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்கத் தோன்றும் என்று அவளுக்குத் தெரியும்.